கீபோர்டில் விளக்கு எரிகிறது, கணினியில் சத்தம் வரவில்லை – மிடி இணைப்பில் உதவி தேவை

முதல்மெட்டு
வெள்ளி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். நான்கைந்து வருடமாகக் கைபேசித் திரையில் விரலால் தட்டித்தான் மெட்டுப் போட்டு வந்தேன். இந்த வாரம்தான் 49 கட்டை உள்ள ஒரு மிடி கீபோர்டு வாங்கினேன் (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்கிற மொழிதான் மிடி). அதற்குள் சொந்தமாகச் சத்தம் எதுவும் கிடையாது, ஸ்பீக்கரும் இல்லை. பின்னால் ஒரு டைப்-சி துளை, பெடல் செருக ஒரு துளை, அவ்வளவுதான்.

பெட்டியோடு வந்த கேபிள் மேசைக்கு எட்டவில்லை. வீட்டில் கிடந்த நீளமான டைப்-சி கேபிள் ஒன்றை எடுத்து லேப்டாப்பில் செருகினேன். கீபோர்டில் விளக்கெல்லாம் அழகாக எரிகிறது. ஆனால் எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரு சத்தமும் இல்லை. விண்டோஸ் 11, ரீப்பர் என்ற இசைப் பதிவு மென்பொருள் நிறுவியிருக்கிறேன். ரீப்பரின் மிடி பட்டியலில் கீபோர்டின் பெயரே காணோம். அண்ணனுடைய லேப்டாப்பிலும் செருகிப் பார்த்தேன், அங்கும் இதே கதை.

கீபோர்டே பழுதாக வந்துவிட்டதா? திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. மனசே சரியில்லை.

சுருதிப்பெட்டி
வெள்ளி, இரவு 9:20

அந்த நீளக் கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டியில் வந்த குட்டைக் கேபிளையே போடுங்கள். மேசைக்கு எட்டாவிட்டால் கீபோர்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு வேறு எதையும் தொட வேண்டாம்.

கார்வை
வெள்ளி, இரவு 9:41

என் சந்தேகமும் அதுதான். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி இருக்கும். சார்ஜ் ஏற்றுவதற்கென்றே வருகிற சில கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மின்சாரம் போவதால் விளக்கு எரியும். கணினிக்கோ எதையும் செருகியதாகவே தெரியாது. இரண்டு லேப்டாப்பிலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது என்றால், இரண்டுக்கும் பொதுவானவை உங்கள் கீபோர்டும் அந்தக் கேபிளும்தான். கேபிளை மாற்றுவது ஒரு நிமிட வேலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்தக் கேபிளில் சத்தம் போவதே இல்லை. நீங்கள் நடு ஸி கட்டையை அழுத்தினால் கணினிக்குப் போய்ச் சேருவது மூன்றே எண்கள். முதல் சேனலில் (ஒரே கேபிளில் போகிற தனித்தனித் தடங்களில் ஒன்று) ஒரு கட்டை அழுத்தப்பட்டது என்பது ஒன்று. அது 60ஆம் கட்டை என்பது இன்னொன்று. எவ்வளவு வேகமாகக் கீழே போனது என்பது மூன்றாவது. கையை எடுத்தால் விட்டுவிட்டார் என்று மறுபடி ஒரு செய்தி. அதைப் பார்த்து வீணையாக ஒலிப்பதா, பியானோவாக ஒலிப்பதா, மழை கொட்டுவது போல ஒலிப்பதா என்பதெல்லாம் கணினியில் இருக்கிற மென்பொருளின் வேலை.

வேகத்தை அது எப்படி அளக்கிறது தெரியுமா? ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது கொஞ்சம் கழித்துத் தொடும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணி, 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றி அனுப்பும். இதைத்தான் வெலாசிட்டி என்கிறார்கள். மெதுவாக அழுத்தினால் 20, 30 என்று வரும்; ஓங்கித் தட்டினால் 110, 120. கைபேசித் திரையில் தட்டியபோது பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்காமல் இருந்தது இந்த எண்தான்.

1983 ஜனவரியில் நேம் (NAMM) என்ற இசைக் கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 சிந்தசைசரையும் ரோலண்டின் ஜூபிட்டர்-6 சிந்தசைசரையும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்து மற்றொன்றைப் பாட வைத்தார்கள். போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியில் பேசியது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அன்றைக்குப் போன அதே மூன்று எண்கள்தான் இன்றைக்கு உங்கள் டைப்-சி கேபிளிலும் போகின்றன. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான்.

ஆக, பிரச்சினை வந்தால் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பாருங்கள். கீபோர்டைக் கணினி பார்க்கிறதா? எண்கள் வந்து சேருகின்றனவா? மென்பொருள் அவற்றை வாங்குகிறதா? வாங்கியதைச் சத்தமாக்க ஒரு கருவி போட்டிருக்கிறீர்களா? அந்தச் சத்தம் சரியான ஸ்பீக்கருக்குப் போகிறதா? எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எல்லா செட்டிங்கையும் திருகினால், சரியாக இருந்ததும் கெட்டுவிடும்.

முதல்மெட்டு
வெள்ளி, இரவு 10:15

குட்டைக் கேபிளைப் போட்டதும் விண்டோஸ் டிங் என்று ஒலித்தது! கீபோர்டின் பெயர் வந்துவிட்டது. நீளக் கேபிள் மேசை விளக்குக்குச் சார்ஜ் போட வந்தது என்று அம்மா இப்போதுதான் சொல்கிறார். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் முழுக்கச் சரியாகவில்லை. எண்கள் வருகின்றனவா என்று பார்க்க, குரோமில் மிடி சோதிக்கிற ஒரு பக்கத்தைத் திறந்தேன். கட்டையை அழுத்தினால் திரையில் அந்தக் கட்டை ஒளிர்கிறது. 60 என்று வருகிறது. மெல்லத் தொட்டால் 23, ஓங்கி அடித்தால் 118. பத்து நிமிடம் அதையே செய்துகொண்டிருந்தேன். ஆனால் ரீப்பரில் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் அதைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வருகிறது.

சுருதிப்பெட்டி
வெள்ளி, இரவு 10:22

குரோமில் அந்தப் பக்கம் இன்னும் திறந்துதானே இருக்கிறது? மூடுங்கள். விண்டோஸில் பல காலமாகவே ஒரு மிடி கருவியை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்ற நிலை இருந்தது, பல கணினிகளில் இன்னும் அப்படித்தான். முதலில் பிடித்தவர் விடுகிற வரை அடுத்தவருக்குக் கிடைக்காது. உலாவியை முழுசாக மூடிவிட்டு ரீப்பரை மறுபடி திறங்கள்.

பின்னிரவு
வெள்ளி, இரவு 10:50

மேக்கிலும் லினக்ஸிலும் இந்தத் தொல்லை கிடையாது, ஒரே கீபோர்டை நான்கு மென்பொருள்கள் சேர்ந்து கேட்கலாம். லினக்ஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: டெர்மினலில் ஏசீக்டம்ப் (aseqdump) என்ற கட்டளையைக் கீபோர்டின் போர்ட் எண்ணோடு இயக்கினால் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு வரியாக ஓடும். உலாவியே தேவையில்லை. விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர் என்று இதே வேலைக்கு உண்டு. சோதித்து முடித்ததும் மூடிவிடுங்கள், அவ்வளவுதான்.

முதல்மெட்டு
வெள்ளி, இரவு 11:05

மூடினேன், ரீப்பர் ஏற்றுக்கொண்டது. ஒரு ட்ராக் போட்டேன். கட்டையை அழுத்துகிறேன். அமைதி. இப்போது என்ன?

கார்வை
வெள்ளி, இரவு 11:30

நல்லது, கடைசிக் கண்ணிகளுக்கு வந்துவிட்டீர்கள். ரீப்பரில் இப்படிச் செய்யுங்கள். ப்ரிஃபரன்ஸஸில் மிடி கருவிகள் இருக்கிற பக்கத்துக்குப் போய், உங்கள் கீபோர்டின் இன்புட் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ட்ராக்கில் இருக்கிற சிவப்பு வட்டத்தை அழுத்துங்கள். அந்த ட்ராக்கை ரெக்கார்டுக்குத் தயார் செய்வது அதுதான். புது ட்ராக் வழக்கமாக மைக்கைத்தான் எதிர்பார்த்து நிற்கும். இன்புட்டைச் சொடுக்கி மிடி, எல்லா மிடி இன்புட்களும், எல்லாச் சேனல்களும் என்று மாற்றுங்கள். மானிட்டர் ஆன் ஆக இருக்கட்டும்.

இப்போது கட்டையை அழுத்தினால் ட்ராக்கின் மீட்டர் ஆட வேண்டும். ஆடினால் எண்கள் உள்ளே வருகின்றன. ஆனாலும் சத்தம் வராது, ஏனென்றால் அந்த எண்களை வாசிக்கக் கருவி இல்லை. ட்ராக்கின் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி, ரீப்பரோடு வருகிற ரியாசிந்த்தை முதலில் போடுங்கள். கேட்க அவ்வளவு இனிமையாக இருக்காது. ஆனால் ஏற்றிய உடனே ஒலிக்கும், சோதனைக்கு அதுதான் முக்கியம். அதில் சத்தம் வந்த பிறகு நல்ல கருவிகளுக்குப் போகலாம். சிந்தசைசர் ஒலி வேண்டுமென்றால் சர்ஜ் எக்ஸ்டி இலவசம், ஆழம் அதிகம். பியானோ வேண்டுமென்றால் சாலமண்டர் கிராண்ட் பியானோ என்ற இலவசப் பதிவு இருக்கிறது. அதை இயக்க சஃபோர்ஸாண்டோ போன்ற ஒரு ப்ளேயர் வேண்டும்.

முதல்மெட்டு
வெள்ளி, இரவு 11:52

வந்துவிட்டது!!! வீடே தூங்குகிறது, ஹெட்போனில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு குறை. கட்டையை அழுத்தி, விரல் அடிமட்டம் தொட்டு, அதற்கப்புறம் சத்தம் வருகிறது. மெல்ல வாசித்தால் சமாளிக்கலாம், வேகம் எடுத்தால் என் தாளமே தடுமாறுகிறது. காத்திருந்து வாசிப்பது போல இருக்கிறது.

இடிமுழக்கம்
சனி, காலை 7:10

ஏசியோ4ஆல் என்ற ஒலி டிரைவரைப் போடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

கார்வை
சனி, காலை 8:02

இடிமுழக்கம், அது உதவலாம். ஆனால் முதலில் ஒரு கேள்வி. முதல்மெட்டு, உங்கள் ஹெட்போன் ப்ளூடூத்தா?

முதல்மெட்டு
சனி, காலை 8:15

ஆமாம். நல்ல ஹெட்போன்தான், போன வருடம் வாங்கியது.

கார்வை
சனி, காலை 8:48

ஹெட்போன் நல்லதாகவே இருக்கட்டும், இந்த வேலைக்கு ப்ளூடூத் ஒத்துவராது. ஒலியைச் சுருக்கி, துண்டு துண்டாகக் காற்றில் அனுப்பி, அங்கே மறுபடி விரித்துக் கேட்க வைப்பதற்குள் சாதாரணமாக 100 மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். படம் பார்க்கும்போது மென்பொருள் படத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்திச் சரிக்கட்டிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. உங்கள் விரலை யாராலும் தாமதப்படுத்த முடியாதே. வயர் உள்ள ஹெட்போனைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது பஃபர். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாமல், ஒரு குடம் நிறைந்ததும் ஊற்றுகிறது என்று வையுங்கள். குடத்தின் அளவுதான் பஃபர். ஒலியை அளந்து எடுக்கிற ஒவ்வொரு துளியும் ஒரு சாம்பிள். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால், 1024 சாம்பிள் பஃபர் நிறைய 23 மில்லிசெகண்டு ஆகும். 512 என்றால் 11.6, 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9. இதற்கு மேல் டிரைவரும் ஒலி அட்டையும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும்.

எவ்வளவு தாமதம் வரை பொறுக்கலாம்? ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. ஆக 10 மில்லிசெகண்டு தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பதற்குச் சமம். மேடையில் வாசிக்கிறவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். 100 மில்லிசெகண்டு என்றால் ஸ்பீக்கர் 34 மீட்டர் தள்ளி, தெருக்கோடியில் நிற்கிறது. உங்கள் தாளம் தடுமாறியதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

இடிமுழக்கம்
சனி, காலை 9:30

சரி, ப்ளூடூத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் விண்டோஸில் வேவ்அவுட் என்ற பழைய ஒலி வழியை வைத்துக்கொண்டு பஃபரை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏசியோ என்பது ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த வழி. விண்டோஸின் ஒலிக் கலவைக்குள் போகாமல் நேராகக் கருவிக்குப் போகும். உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் வாங்கி வெளியே விடுகிற தனிப் பெட்டி) தனக்கென்று ஏசியோ டிரைவர் தந்தால் அதைப் போடுங்கள். இன்டர்ஃபேஸ் இல்லாமல் லேப்டாப்பின் சொந்த ஒலியையே நம்புகிறவர்களுக்குத்தான் ஏசியோ4ஆல். நான் மூன்று லேப்டாப்பில் போட்டிருக்கிறேன், மூன்றிலும் வேலை செய்தது.

சுருதிப்பெட்டி
சனி, காலை 10:05

எனக்கு அப்படி அமையவில்லை. ஏசியோ4ஆல் ஒலிக் கருவியைத் தனக்கே என்று பிடித்துக்கொண்டதால், ரீப்பர் திறந்திருக்கும்போது உலாவியில் பாட்டுக் கேட்க முடியவில்லை. பாட்டைக் கேட்டு மெட்டைப் பிடித்து வாசிக்கிறவன் நான், எனக்கு அது பெரிய இடைஞ்சல். ரீப்பரின் ஆடியோ செட்டிங்கில் வசாபி என்று ஒன்று இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், விண்டோஸிலேயே உள்ளது. அதில் எனக்கு 256இல் கரகரப்பு இல்லாமல் ஓடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் அதை முயன்று பார்க்கட்டும் என்பேன்.

இடிமுழக்கம்
சனி, காலை 10:20

வசாபியிலும் ஒலிக் கருவியைத் தனக்கே பிடித்துக்கொள்கிற எக்ஸ்க்ளூசிவ் வகையை எடுத்தால்தான் தாமதம் நன்றாகக் குறையும், அப்போது உலாவிச் சத்தம் அதிலும் போய்விடுமே. ஷேர்டு வகையில் கொஞ்சம் கூடும். இரண்டையும் போட்டு வாசித்துப் பார்த்து விரலுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளட்டும்.

சுருதிப்பெட்டி
சனி, காலை 10:24

அதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல்மெட்டு
சனி, பிற்பகல் 1:40

வயர் ஹெட்போன், வசாபி, 256. தாமதம் இருப்பதே தெரியவில்லை! 64 வரை இறக்கிப் பார்த்தேன், பட்பட் என்று வெடிப்புச் சத்தம் வந்தது. 128இலும் சில நேரம் வந்தது. 256க்கே திரும்பிவிட்டேன்.

கார்வை
சனி, பிற்பகல் 2:15

சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். குடம் சிறிதானால் கணினி ஓடி ஓடி நிரப்ப வேண்டும், ஒரு தடவை பிந்தினாலும் வெடிக்கும். சார்ஜர் போடாமல் பேட்டரி சிக்கனத்தில் ஓடினாலும் இப்படி ஆகும். வாசிக்கும்போது சிறிய பஃபர் வையுங்கள். பதிவெல்லாம் முடிந்து மிக்ஸிங் செய்யும்போது 1024க்கு ஏற்றிவிடுங்கள், அப்போது தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

பழையபெட்டி
சனி, மாலை 5:33

இழையைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் இதோடு ஒட்டியதுதான். என்னிடம் இருப்பது பழைய கீபோர்டு, ஸ்பீக்கரோடு சேர்ந்தது. யுஎஸ்பி இல்லை. வட்டமான ஐந்து முனைத் துளைகள் இரண்டு, இன் என்றும் அவுட் என்றும். அதற்காக யுஎஸ்பியிலிருந்து மிடிக்கு மாற்றுகிற கேபிள் ஒன்று வாங்கினேன். கேபிளின் இன் முனையைக் கீபோர்டின் இன்னிலும், அவுட் முனையை அவுட்டிலும் செருகியிருக்கிறேன். கணினி கேபிளைக் காட்டுகிறது, கட்டையை அழுத்தினால் ஒன்றும் வருவதில்லை.

சுருதிப்பெட்டி
சனி, மாலை 5:50

மாற்றிச் செருகுங்கள் ஐயா. கீபோர்டின் அவுட்டிலிருந்து வெளியே வருவது கணினிக்குள் போக வேண்டும், ஆகவே கேபிளின் இன் முனை கீபோர்டின் அவுட்டில். பெரும்பாலான கேபிள்களில் கணினியின் பக்கம் நின்று பார்க்கிற கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். சில கேபிள்களில் நேர்மாறாகவும் இருக்கும். தப்பாகச் செருகினாலும் எதுவும் கெட்டுப்போகாது, தைரியமாக மாற்றிப் பாருங்கள்.

பழையபெட்டி
சனி, மாலை 6:20

வேலை செய்கிறது தம்பி, ரொம்ப நன்றி. 20 வருடமாக மேசையில் இருந்த பெட்டி இன்று கணினியோடு பேசுகிறது. ஆனால் புதிதாக ஒன்று. ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு தடவை ஒலிக்கிறது. முதலில் ஒன்று, உடனே அதை ஒட்டி இன்னொன்று. குழாய்க்குள் வாயை வைத்துப் பாடுவது போலக் கேட்கிறது.

கார்வை
சனி, இரவு 7:45

கட்டையை அழுத்தியதும் கீபோர்டு தன் சொந்த ஒலியை எழுப்புகிறது. அதே நேரம் எண்களைக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி மென்பொருள் அவற்றை வாங்கி, அவுட் வழியாக அதே கீபோர்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. கீபோர்டு மறுபடி ஒலிக்கிறது. ஒரே ஒலி சில மில்லிசெகண்டு தள்ளி இரண்டு தடவை வந்து ஒன்றோடொன்று கலந்தால் அந்தக் குழாய்ச் சத்தம்தான்.

தீர்வு இரண்டு. கீபோர்டின் மெனுவில் லோக்கல் கன்ட்ரோல் என்று இருக்கும், அதை ஆஃப் செய்தால் கட்டைகளுக்கும் உள்ளே இருக்கிற ஒலிக்கும் நடுவே உள்ள தொடர்பு அறுந்துவிடும். கணினி சொன்னால் மட்டும் ஒலிக்கும். அல்லது லோக்கலை ஆனில் விட்டுவிட்டு, மென்பொருளில் அந்த ட்ராக்கின் மிடி அவுட்டை எடுத்துவிடுங்கள். நீங்கள் கணினியில் இருக்கிற கருவிகளைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது வழியை எடுத்து, கீபோர்டின் வால்யூமைப் பூஜ்யமாக்கிவிட்டாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. லோக்கலை ஆஃப் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அடுத்த தடவை கணினி இல்லாமல் வாசிக்க உட்கார்ந்தால் கீபோர்டு ஊமையாக இருக்கும், செத்துவிட்டது என்று பயந்துவிடுவீர்கள். சில கருவிகளில் அணைத்துப் போட்டால் தானாக ஆன் ஆகிவிடும், சிலவற்றில் ஆகாது.

பழையபெட்டி
சனி, இரவு 8:30

லோக்கல் ஆஃப் செய்தேன், ஒற்றை ஒலி. கேட்கவே நிறைவாக இருக்கிறது. இதே கேபிளில் கீபோர்டின் ஒலியையே ரெக்கார்ட் செய்ய முடியாதா? இதில் இருக்கிற புல்லாங்குழல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பின்னிரவு
சனி, இரவு 9:00

மிடி கேபிளில் முடியாது, அதில் எண்கள்தான் போகும். புல்லாங்குழல் ஒலி வேண்டுமென்றால் கீபோர்டின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ கேபிள் இழுத்து இன்டர்ஃபேஸின் லைன் இன்னில் கொடுங்கள். எண்களையும் ஒலியையும் ஒரே நேரத்தில் பதியுங்கள். நாளைக்கு ஒரு ஸ்வரம் தப்பாக இருந்தால் எண்ணைத் திருத்தி, கீபோர்டுக்குத் திருப்பி அனுப்பி, ஒலியை மறுபடி பதியலாம். நான் பழைய கருவிகளோடு இப்படித்தான் வேலை செய்கிறேன்.

மிடி கோப்பை மட்டும் யாருக்காவது அனுப்பினால் அவர்களிடம் என்ன ஒலி இருக்கிறதோ அதில்தான் கேட்பார்கள். நான் தந்தி வாத்திய ஒலியில் அமைத்த ஒரு மெட்டைத் தோழிக்கு அனுப்பினேன், அவளுக்கு அது பியானோவில் கேட்டிருக்கிறது. நான் சொன்ன சோகம் எங்கே என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

இடிமுழக்கம்
சனி, இரவு 9:12

ஐயா, அந்த மாற்றுக் கேபிள் மலிவானதாக இருந்தால் கவனம். நான் முதலில் வாங்கிய ஒன்று வேகமாக வாசித்தால் எண்களை விழுங்கிவிடும். கட்டையை விட்ட செய்தி வந்து சேராததால் ஒரு ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். மென்பொருளில் எல்லாக் கட்டைகளையும் நிறுத்து என்று 123ஆம் கன்ட்ரோல் செய்தியை அனுப்புகிற ஒரு பொத்தான் இருக்கும், பேனிக் என்று பெயர். அடிக்கடி அதை அழுத்தும் நிலை வந்தால் கேபிளை மாற்றுங்கள்.

சுருதிப்பெட்டி
சனி, இரவு 9:40

எல்லா மலிவுக் கேபிளும் அப்படியில்லை. என்னுடையது வருடக்கணக்கில் ஓடுகிறது. ஐந்து முனை மிடியின் வேகமே நொடிக்கு 31,250 பிட்தான். ஒரு கட்டை அழுத்திய செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. ஆனால் நல்ல இணைப்பில் ஆப்டோ-ஐசொலேட்டர் இருக்க வேண்டும். செய்தி ஒளியாக மாறித் தாண்டுவதால், ஒரு கருவியின் மின்சார இரைச்சல் அடுத்த கருவிக்குப் போகாது. அதைச் சேர்க்காமல் மிச்சம் பிடிக்கிற கேபிள்களில் கோளாறு வரலாம்.

நடுஸ்தாயி
ஞாயிறு, காலை 6:55

முழு இழையும் படித்தேன். எனக்கு விசித்திரமாக ஒன்று. கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் பியானோவுக்குப் பதிலாக டிரம் சத்தம் வருகிறது. ஒரு கட்டையில் கைத்தட்டல், ஒரு கட்டையில் ஜால்ரா.

பின்னிரவு
ஞாயிறு, காலை 7:20

கீபோர்டு 10ஆம் சேனலில் அனுப்புகிறது. எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று வகுத்த ஜெனரல் மிடி ஒழுங்கில் 10ஆம் சேனல் தாள வாத்தியங்களுக்கு. 1ஆம் சேனலுக்கு மாற்றுங்கள்.

நடுஸ்தாயி
ஞாயிறு, காலை 7:31

மாறிவிட்டது. நன்றி.

முதல்மெட்டு
ஞாயிறு, காலை 11:10

நேற்று முழுவதும் வாசித்தேன், கை வலிக்கிறது. ஒரு சந்தேகம். இடது பக்கம் இருக்கிற பிட்ச் வீலை உருட்டி ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்தால் கமகம் போல வருகிறது, ஆனால் இரண்டு ஸ்வர தூரத்துக்கு மேல் போகவில்லை. அப்புறம் கீழே சுருதிக்காகப் பிடித்திருக்கிற ஸ-வும் சேர்ந்து வளைகிறது. அது நிற்க வேண்டுமே.

கார்வை
ஞாயிறு, மதியம் 12:05

நல்ல கேள்வி. வீல் அனுப்புவது 0 முதல் 16,383 வரை ஓர் எண், நடுவில் 8,192. இவ்வளவு நுணுக்கமாகப் படி இருப்பதால்தான் இழுப்பு படிக்கட்டு போலக் கேட்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த முழு வீச்சும் எத்தனை அரைஸ்வரத்தைக் குறிக்கிறது என்பதை முடிவு செய்வது கருவிதான். வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரம் என்று வைத்திருப்பார்கள். உங்கள் ப்ளக்-இன்னில் (ட்ராக்கில் ஏற்றிய கருவி மென்பொருள்) பெண்ட் ரேஞ்ச் என்று இருக்கும், 5 அல்லது 7 ஆக்கிப் பாருங்கள். ரொம்பக் கூட்டினால் வீலை இம்மி நகர்த்தினாலே சுருதி விலகிவிடும்.

ஸ வளைவதற்குக் காரணம், பெண்ட் செய்தி ஒரு கட்டைக்கென்று போவதில்லை, சேனல் முழுவதற்கும் போகிறது. சுருதியை வேறு ட்ராக்கில் தனியாகப் பதிந்து ஓட விட்டுவிட்டு, அதன் மேல் ஒற்றை ஸ்வரமாக வாசியுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் தனிச் சேனல் கொடுத்துத் தனித்தனியாக வளைக்க விடுகிற எம்பிஇ கீபோர்டுகளும் உண்டு. அது பிறகு.

முதல்மெட்டு
ஞாயிறு, இரவு 9:25

சுருதியைப் பிரித்துவிட்டேன், இப்போது கேட்க நன்றாக இருக்கிறது. சஸ்டெயின் பெடலும் இன்று வந்தது. ஆனால் தலைகீழாக வேலை செய்கிறது. கால் வைத்தால் ஒலி நிற்கிறது, எடுத்தால் நீள்கிறது.

சுருதிப்பெட்டி
ஞாயிறு, இரவு 9:33

கீபோர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பெடலைச் செருகினீர்களா? பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில் பெடலைப் பார்த்து, அப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதைத்தான் கால் வைக்காத நிலை என்று எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பியைக் கழற்றுங்கள், பெடலைச் செருகுங்கள், காலை எடுத்துவிட்டு யுஎஸ்பியைச் செருகுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் பெடலின் அடியில் சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள்.

முதல்மெட்டு
திங்கள், இரவு 8:40

பெடல் சரியாகிவிட்டது. இரண்டு நிமிட மெட்டு ஒன்று பதிந்து, குவான்டைஸ் போட்டு எல்லா ஸ்வரங்களையும் தாளத்தில் நேராக நிறுத்திவிட்டேன். வெலாசிட்டியும் மேலும் கீழுமாக இருந்ததால் எல்லாவற்றையும் 100 ஆக்கினேன். கோப்பை இணைத்திருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கார்வை
திங்கள், இரவு 9:18

கேட்டேன். மெட்டு அழகு, அந்த மூன்றாவது வரி இறங்குகிற இடம் மனதில் நிற்கிறது. ஆனால் முதல் நாள் மெல்லத் தொட்டால் 23, ஓங்கி அடித்தால் 118 என்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினீர்கள். அந்த 23உம் 118உம் இதில் எங்கே? எல்லாம் 100 என்றால் திரையில் தட்டிய மாதிரியேதான் இருக்கும். அன்டூ போட்டு, நீங்கள் வாசித்ததை வாசித்தபடியே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தாளம் கண்டிப்பாக வேண்டுமென்றால் குவான்டைஸின் பலத்தை 50 சதவீதத்துக்குக் குறைத்தால் பாதி தூரம் மட்டும் நகர்த்தும்.

முதல்மெட்டு
திங்கள், இரவு 10:47

அன்டூ போட்டுக் கேட்டேன். இரண்டாவது வரி முடிகிற இடத்தில் ஒரு கட்டை மட்டும் நிஜமாகவே பிந்தி விழுகிறது, அதைக் கையால் பிடித்து நகர்த்தினேன். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாவது வரியில் கடைசி ஸ்வரம் 31. அவ்வளவு மெதுவாகத் தொட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. புதுக் கோப்பை மாற்றிப் போட்டிருக்கிறேன்.